ஹ்மாங் வாய்மொழிக் கதைகள்

தென்சீனா, வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து ஆகிய இடங்களின் மலைப்பகுதிகளில் வாழும் ஹ்மாங் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதைகள் ஹ்மாங் வாய்மொழிக் கதைகள் ஆகும். ஹ்மாங் மொழியில் இவை ‘தா நெங்’ எனப்படும். எழுத்து வழக்கு பரவாத காலத்தில் குல ஒழுங்கு, சடங்கு, நோய், மரணம் பற்றிய அறிவைப் பிள்ளைகளுக்குக் கடத்தியவை இக்கதைகளே.

குலங்களின் தோற்றம்

பெருவெள்ளக் கதையின் ஒரு வடிவத்தில், மரப் பேரிகைக்குள் புகுந்து ஓர் அண்ணனும் தங்கையும் உயிர் தப்புகின்றனர். வேறு மனிதர் எஞ்சாததால் மணந்துகொள்ளும் அவர்களுக்கு உருவமற்ற சதைப்பிண்டம் பிறக்கிறது. அதை வெட்டி வீசுகின்றனர். தோட்டத்தில் விழுந்த துண்டு வாங் குலமாகவும், ஆட்டுக்கொட்டிலில் விழுந்தது லீ குலமாகவும் ஆனதாகக் கதை கூறும். ஒரே குலத்தார் இன்றும் ஒருவரையொருவர் உடன்பிறந்தாராகக் கருதுகின்றனர். தமக்குள் பெண் கொடுப்பதோ எடுப்பதோ இல்லை.

கதைமாந்தர்

தாய்தந்தையற்ற சிறுவன் பல கதைகளின் நாயகன். உறவினர் ஒதுக்கிய அவன், நாகவேந்தன் மகளை மணந்து உயர்கிறான். உறவின் துணையின்றி வாழ்வில்லை என்று எண்ணும் சமூகத்தில், அநாதை நிலையே பெருந்துயரம் என்பதை இக்கதைகள் உணர்த்துகின்றன. மனித வேடமிட்டுப் பெண்ணைக் கவரும் புலி, காட்டின் அச்சத்தைக் காட்டுகிறது. நோய் தரும் ஆவிகளோடு போரிடும் ஷீ யீ, முதல் பூசாரியாகப் போற்றப்படுகிறார். பூசாரிகள் செய்யும் நோய் நீக்கும் சடங்கு அவர் வழியில் வந்ததென்பர்.

சடங்கும் கதையும்

சாவு வீட்டில் பாடப்படும் ‘குவா கே’ எனும் வழிகாட்டுப் பாடல், உலகத் தோற்றத்தைச் சொல்லி, இறந்தவர் வாழ்ந்த ஊர்கள் வழியே அவரது ஆன்மாவைப் பிறந்த இடத்துக்கும், அங்கிருந்து முன்னோரிடத்துக்கும் அழைத்துச் செல்கிறது. இது பொழுதுபோக்குக்காகப் பாடப்படுவதில்லை.

பதிவும் பரவலும்

ஹ்மாங் மொழிக்கான உரோமன் எழுத்துமுறை 1950களின் தொடக்கத்தில் லாவோஸில் உருவானது. 1975இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் லாவோஸிலிருந்து ஏராளமானோர் அகதிகளாகத் தாய்லாந்து முகாம்களுக்கும், பின்னர் அமெரிக்கா, பிரான்ஸ் முதலிய நாடுகளுக்கும் சென்றனர். முகாம்களில் பெண்கள் கதைகளையும் போர் நினைவுகளையும் துணியில் பூத்தையலாகத் தைத்தனர். சார்ல்ஸ் ஜான்சன் தொகுத்த இருமொழிக் கதைநூல் 1985இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வெளிவந்தது.

அச்சேறிய வடிவம் ஒருவர் ஒருமுறை சொன்ன வடிவமே; குலத்துக்கும் ஊருக்கும் ஏற்பக் கதை மாறும். எனவே இக்கதைகளை ஹ்மாங் மக்களின் உறவுமுறையோடும் சடங்குகளோடும் இணைத்துப் படிப்பதே அவர்களின் பண்பாட்டை அறியச் சரியான வழியாகும்.