பாட்டு நின்றது, குழு கரைந்தது

ஒரு காதல் பாட்டு வெற்றி பெற்றுவிட்டது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கேட்பவர்கள் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் கேட்பவர்களை எண்ணுகிறவர்கள் யார், எதை எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு பாட்டின் வரலாறு எழுதப்படுகிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பீட்டில்ஸ் குழுவின் 'சம்திங்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய அந்த மெல்லிய காதல் பாட்டு 1969இல் 'கம் டுகெதர்' பாட்டுடன் ஒரே இசைத்தட்டில் வெளிவந்தது. அமெரிக்காவின் பில்போர்ட் இதழ் அதுவரை தட்டின் இரு பக்கங்களையும் தனித்தனியே வரிசைப்படுத்தி வந்தது. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் தேதியிட்ட வாரத்தில் இரண்டையும் சேர்த்து எண்ணத் தொடங்கியது. அந்த வாரமே தட்டு முதலிடம் பிடித்தது. பாட்டில் ஒரு சுரமும் மாறவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. இங்கிலாந்தில் அதே தட்டு நான்காம் இடத்தோடு நின்றுவிட்டது. எவ்வாறாயினும் அந்தப் பட்டியல்கள் குழுவின் பெயரைப் பாட்டோடு பிரியாமல் கட்டி வைத்தன.

நம் நாட்டில் அப்படியொரு பட்டியல் உருவானபோது அது திரையிசைக்கானதாகவே உருவானது. 1952இல் அகில இந்திய வானொலி, அமைச்சர் கேஸ்கரின் கொள்கைப்படி திரைப்பாடல்களை ஒதுக்கியது. அவற்றுக்கு இடம் கொடுத்தது இலங்கை வானொலி. அதே ஆண்டு டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' அங்கே தொடங்கியது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கும் நேயர் மன்றங்களின் வாக்குகளும் அதன் அளவுகோல்கள். பாட்டின் தர இடத்தைச் சயானி 'படி' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். அந்தப் படிகளில் ஏறியவை எல்லாம் இந்தித் திரைப்பாடல்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் புளியங்குடிக்கு இலங்கை வானொலி அதன் தமிழ்ச் சேவையாக வந்தது. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் எங்கள் தெருக்களில் உள்ளூர்க் குரல்களாகவே பழகிப்போயின. அந்த வானொலியின் தேசத்தில்தான் திரைப்படத்தின் துணையில்லாத தமிழ் மெல்லிசை ஒன்று தலையெடுத்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலா தாளத்தில் பாடிய பொப்பிசைப் பாடல்கள் கடல் கடந்து இங்கும் ஒலித்தன. மனோகரனின் 'சுராங்கனி' பரவிய வேகம் திரையுலகின் காதிலும் விழுந்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் அது திரைப்பாட்டாயிற்று. வெளியே பிறந்த பாட்டுக்கும் இங்கே திரைதான் நிரந்தர முகவரி என்பதற்கு இது முன்னுதாரணம்.

தொண்ணூறுகளில் ஒரு சிறு சன்னல் திறந்தது. 1991இல் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. 1994இல் சேனல் வி, 1996இல் எம்டிவி இந்தியா என்று இசைக்கே உரிய அலைவரிசைகள் தொடர்ந்தன. அவற்றுக்கு நாள் முழுவதும் பாட்டு வேண்டியிருந்தது. திரை சாராத குழுக்கள் அந்தத் தேவையின் வழியே உள்ளே நுழைந்தன. 'சில்க் ரூட்' அவற்றுள் ஒன்று. மோஹித் சௌஹான், அதுல் மித்தல், கெம் திரிவேதி, கென்னி பூரி என நால்வர். 1998இல் வந்த அவர்களது 'பூந்தேன்' தொகுப்பில்தான் 'டூபா டூபா' இருந்தது. காதலில் மூழ்கியவனின் பாட்டு. அதிரும் மின்கிதார் இல்லை. அவசரமற்ற தாளம், இடையில் ஒரு மேலைநாட்டுக் குழல், மலைநாட்டுக் குளிர் படிந்த குரல். அது இரு அலைவரிசைகளிலும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி, கதாநாயகனோ கதையோ இல்லாமலேயே நாடறிந்த காதல் பாட்டாயிற்று.

சன்னல் விரைவில் சாத்தப்பட்டது. 2000இல் இரண்டாம் தொகுப்பு வெளிவந்தது. பின்னர் குழு கலைந்தது. இசை அலைவரிசைகளும் திரைப்பாடல்களிடமே திரும்பின. சௌஹானின் குரலை மட்டும் திரையுலகம் எடுத்துக்கொண்டது. ஏ. ஆர். ரஹ்மானின் 'ராக்ஸ்டார்' படத்தில், 2011இல், அவர் ஒரு ராக் பாடகனுக்கே பின்னணி பாடினார். குழுவில் பாடியவர், திரையில் ஒரு கற்பனைப் பாடகனின் நிழலாக நின்றார்.

அந்தக் குரல் தமிழுக்கும் வந்தது. 2012இல் வெளியான '3' படத்தில், அனிருத் இசையில், 'போ நீ போ' பாடலைப் பாடியவர்களுள் சௌஹானும் ஒருவர். காதலின் முறிவைச் சொல்லும் ராக் பாடல்தான் அது. அதே படத்தின் 'கொலவெறி' 2011 நவம்பரில் யூடியூபில் வெளியாகி, பார்வை எண்ணிக்கை என்ற புதிய பட்டியலை நமக்கு அறிமுகப்படுத்தியிருந்தது. புளியங்குடியின் பேருந்துகளிலும் தேநீர்க் கடைகளிலும் இரண்டும் ஒலித்தன. ஆனால் 'போ நீ போ'வைக் கேட்டு உருகியவர்களில் சில்க் ரூட் என்ற பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

திரையிசையைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. அந்தக் குரலை இவ்வூர்வரை கொண்டுவந்தது அதுதானே. இருப்பினும் ஒரு குழு என்பது நால்வர் சேர்ந்து கண்டடைந்த ஓசை. திரை தனிக்குரலை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கூட்டோசையை அப்படியே ஏற்பது அரிது. நம் பட்டியல்கள் படத்தை எண்ணின, நடிகரை எண்ணின, பின்னர் பார்வைகளை எண்ணின. குழுவை எண்ணுவதற்கு அவற்றில் ஒரு கட்டம் இருந்ததில்லை.