பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்

சில வருடங்களுக்கு முன்னால், கோடை விடுமுறையில் ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். சின்னதும் பெரிசுமாக எட்டுப் பேர். காலை பத்தரைக்கு உள்ளே நுழைந்தோம். பதினொன்றரைக்கெல்லாம் என் அம்மா மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சைக் கண்டுபிடித்துவிட்டார்.

‘‘நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கப்பா... நான் பையைப் பாத்துக்கறேன்!’’

சாயங்காலம் ஆறு மணி வரை அம்மா பையைப் பார்த்துக்கொண்டார்.

நான் பி.காம். படித்தவன். அன்று ராத்திரி எனக்கு முதலில் உறுத்தியது டிக்கெட் காசுதான். பெஞ்சில் உட்கார்ந்ததற்கு முழுக் கட்டணமா என்று. நாலு நாள் கழித்து போட்டோக்கள் கழுவி வந்தபோதுதான் நிஜமான நஷ்டம் தெரிந்தது. முப்பத்தாறு படங்களில் ஒன்றில்கூட அம்மா இல்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஆல்பம் இருக்கும். எடுத்துப் பாருங்கள். அப்புறம் இந்தக் கதையைக் கேளுங்கள். ஏனென்றால், தீம் பார்க் என்ற சமாசாரமே ஒரு பெஞ்சில்தான் பிறந்தது!

லாஸ் ஏஞ்சலஸில் கிரிஃபித் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா. அங்கே ஒரு குடை ராட்டினம். சனிக்கிழமைகளில் வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போவார். பெண்கள் மரக் குதிரையில் ஏறிச் சுற்றுவார்கள். அப்பா? பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார்! ‘குழந்தைகள் விளையாட, பெரியவர்கள் வேடிக்கை பார்க்க என்று ஏன் இருக்கவேண்டும்? எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாக இருக்க ஒரு இடம் ஏன் இருக்கக்கூடாது?’ அந்த யோசனை அங்கேதான் முளைத்தது என்று டிஸ்னியே பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அதாவது, பெரியவர்கள் பெஞ்சில் உட்காரக்கூடாது என்பதற்காகவே கட்டப்பட்டது டிஸ்னிலேண்ட்!

1955, ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த ஆனஹைமில், ஒரே வருடத்தில் 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் எழும்பிய டிஸ்னிலேண்டுக்குத் திறப்பு விழா. டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. தொகுத்து வழங்கியவர்களில் ஒருவர் ரொனால்ட் ரீகன் என்ற நடிகர். (ஆமாம், பிற்பாடு ஜனாதிபதியான அதே ரீகன்தான்!)

விழா சொதப்பல். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, சுமார் 28 ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள். பலர் கையில் கள்ள டிக்கெட். வெயிலோ கொளுத்துகிறது. முந்தின நாள்வரை தார் போட்ட பாதைகள் இளகி, பெண்களின் ஹை ஹீல்ஸ் அதில் புதைகிறது. பிளம்பர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாயா, கழிப்பறையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். கூட்டம் தாகத்தில் தவித்தது.

தாரும் தண்ணீரும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சரியாகாத ஒரு பிரச்னை அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் காரில் வந்து இறங்கியவர்கள். அவர்கள் நடப்பதையே மறந்துகொண்டிருந்த ஜனங்கள்!

நான் சொல்லவில்லை. அதற்குச் சரியாக ஆறு நாட்கள் முன்னால், ஜூலை 11-ம் தேதி, வெள்ளை மாளிகையில் ஒரு மதிய விருந்து. ஜனாதிபதி ஐசன்ஹோவர் முன்னால் டாக்டர் ஹான்ஸ் கிராஸும், உடற்பயிற்சி ஆசிரியை பானி ப்ரூடனும் ஒரு ஆய்வு முடிவை வைத்தார்கள். குனிந்து தரையைத் தொடுவது, படுத்து எழுந்து உட்காருவது போன்ற ஆறே ஆறு எளிய சோதனைகள். அதில் ஒன்றிலாவது தோற்ற ஐரோப்பியக் குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 9 பேர். அமெரிக்கக் குழந்தைகள்? சுமார் 58 பேர்!

இரண்டாம் உலகப் போரில் படை நடத்திய தளபதி ஐசன்ஹோவர். ஆடிப்போய்விட்டார். ‘ஜனாதிபதியை அதிரவைத்த அறிக்கை’ என்றே பத்திரிகைகள் எழுதின. காரணம் என்ன? பள்ளிக்கூடத்துக்கு பஸ், கடைக்கு கார், வீட்டில் டி.வி. இதுபற்றிப் பேச செப்டம்பரில் ஒரு மாநாடு கூட்ட ஏற்பாடானது. அதற்குள் ஐசன்ஹோவருக்கே மாரடைப்பு வந்து, மாநாடு மறு வருடத்துக்குத் தள்ளிப்போனது தனிக் கதை.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே வாரத்தில் ஒரு பக்கம், ‘நம் பிள்ளைகளின் உடம்பில் தெம்பில்லை’ என்கிறது வெள்ளை மாளிகை விருந்து. இன்னொரு பக்கம், ‘வாருங்கள், நாள் முழுக்க நடக்கலாம்’ என்று கதவைத் திறக்கிறார் டிஸ்னி!

மனிதர்களை எப்படி நடக்க வைப்பது என்பதில் டிஸ்னி மகா கில்லாடி. அவர் வீட்டு நாய்க்கு ஒரு துண்டு சாஸேஜைக் காட்டினால் போதும். அவர் எங்கே போனாலும் பின்னாலேயே வருமாம். அதே தந்திரத்தைப் பூங்காவில் வைத்தார். வாசலில் நுழைந்ததும் நேர்த் தெரு. தெருக்கோடியில் ஒரு கோட்டை. கோட்டை கண்ணில் பட்டதும் கால் தானாக அதை நோக்கிப் போகும். அங்கே போனால், வேறொரு மூலையில் வேறொரு அதிசயம் எட்டிப்பார்க்கும். கால் அந்தப் பக்கம் திரும்பும். இப்படிக் கண்ணை இழுக்கும் கட்டடங்களுக்கு அவர் வைத்த செல்லப் பெயரே ‘வீனி’. சாஸேஜ் என்று அர்த்தம்!

கண்ணுக்குக் களைப்பே தெரியாது. கணக்கு ராத்திரி முழங்காலில் எழுதப்பட்டிருக்கும்.

டிஸ்னிலேண்டாவது ஒரு நாள் கூத்து. அடுத்து ஃப்ளோரிடாவில் டிஸ்னி வாங்கிப்போட்ட நிலம் 27 ஆயிரம் ஏக்கருக்கும் மேல். அது திறக்கப்படுவதைப் பார்க்க அவர் இல்லை; 1966 டிசம்பரில் காலமாகிவிட்டார். 1971 அக்டோபர் 1-ம் தேதி முதல் பூங்கா திறந்தது. 1982-ல் எப்காட், 1989-ல் மூன்றாவது, 1998-ல் நாலாவது. எப்காட்டில் ஒரு ஏரி. அதைச் சுற்றிப் பல நாடுகளின் அரங்குகள். ஏரியை ஒரு சுற்று வந்தாலே சுமார் 2 கிலோமீட்டர். ஆங்கிலத்தில் எப்காட் என்ற பெயரின் எழுத்துகளை வைத்து அமெரிக்கர்கள் ஒரு ஜோக் கட்டினார்கள். அதன் அர்த்தம்: ‘போகிற ஒவ்வொருத்தரும் களைத்துத்தான் வெளியே வருவார்கள்!’

நாலு பூங்கா என்றால் நாலு நாள். தினமும் பத்து கிலோமீட்டரைத் தாண்டுவது அங்கே சர்வசாதாரணம். கவனியுங்கள், ஒரு நாள் நடப்பது வேறு. மறுநாளும் எழுந்து நடப்பது வேறு. குடும்பங்கள் கவிழ்வது முதல் நாளில் இல்லை, இரண்டாம் நாள் காலையில்!

ஒரு நாள் வீம்புக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ராபர்ட் கென்னடி செய்து காட்டினார்.

1963-ன் ஆரம்பம். ஜனாதிபதி ஜான் கென்னடியின் கையில் ஒரு பழைய உத்தரவு சிக்கியது. 1908-ல் தியோடர் ரூஸ்வெல்ட் போட்டது. கடற்படைத் துருப்பு அதிகாரிகள் மூன்று நாட்களுக்குள், மொத்தம் இருபது மணி நேரத்தில் 50 மைல் நடந்து காட்டவேண்டும். ‘இன்றைய அதிகாரிகளால் முடியுமா?’ என்று கேட்டார் கென்னடி. அவ்வளவுதான். நாடு முழுக்க 50 மைல் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கல்லூரி மாணவர்கள், ஸ்கூல் பசங்கள், குமாஸ்தாக்கள்... எல்லோரும் தெருவில்! டாக்டர்கள் ‘பழக்கம் இல்லாமல் இதெல்லாம் வேண்டாம்’ என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 9, சனிக்கிழமை. தம்பி ராபர்ட் கென்னடி, பயிற்சி எதுவும் இல்லாமல், ஆபீஸ் ஷூவோடு, வாஷிங்டன் அருகே கால்வாய்க் கரையில் பனிச்சேற்றில் இறங்கினார். கூட வந்த நாலு பேரும் வழியிலேயே கழன்றுகொண்டார்கள். கடைசி ஆசாமியிடம், ‘நீ அதிர்ஷ்டக்காரன். உன் அண்ணன் ஜனாதிபதி இல்லை!’ என்றாராம். 17 மணி 50 நிமிடத்தில் நடந்து முடித்தார். வெள்ளை மாளிகையின் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சர் நல்ல குண்டு. அவரையும் நடக்கச் சொன்னார்கள். ‘எனக்குத் துணிச்சல் உண்டு, ஆனால் நான் முட்டாள் இல்லை’ என்று நழுவிவிட்டார்!

ராபர்ட்டுக்கு அப்போது வயது 37. நம் வீட்டில் ஆறு வயசுக் குட்டி, அறுபத்தாறு வயசு முழங்கால், சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. வீம்பு நமக்கு உதவாது.

பின்னே யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது? மறுநாளும் நடந்தே தீரவேண்டிய ஆட்களை! ரோமானியர்களை!

ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில் வெஜீஷியஸ் என்பவர் ராணுவக் கலைபற்றி ஒரு நூல் எழுதினார். புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் பாடம் என்ன தெரியுமா? வாளும் கேடயமும் அப்புறம். முதலில் நடை! 20 ரோமன் மைலை, அதாவது கிட்டத்தட்ட 30 கிலோமீட்டரை, நம் கணக்கில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் சீராக நடந்து கடக்கவேண்டும். அப்புறம் முதுகில் 20 கிலோவரை சுமையேற்றிப் பழக்குவார்கள். நடையில் பழுத்த பழைய வீரனுக்கும் விடுதலை கிடையாது. மாதம் மூன்று முறை பத்து மைல் போய்த் திரும்பவேண்டும்; சமதரையில் மட்டும் போதாது, மேடு பள்ளத்திலும். நடை என்பது ஒருமுறை கற்றுவிட்டு வைத்துவிடும் சமாசாரம் இல்லை, அடிக்கடி கட்டிக்கொண்டே இருக்கவேண்டிய தவணை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் பாஷையில் சொன்னால், ரெக்கரிங் டெபாசிட்! கடைசி வாரத்தில் மொத்தமாகப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் இந்த பாங்க் ஏற்றுக்கொள்ளாது. கால் வீங்கும். அவ்வளவுதான் வட்டி.

‘தினமும் பத்தாயிரம் அடி நடந்தால் போதுமா சார்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்தப் பத்தாயிரத்தின் ஜாதகத்தையும் சொல்லிவிடுகிறேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு, ஜப்பானிய கம்பெனி ஒன்று 1965-ல் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் ‘மான்போ-கெய்’. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். சுலபமாக வாயில் நுழையும் ரவுண்டான எண். விளம்பரத்தில் பிறந்து வேதவாக்காகிவிட்டது! 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள சுமார் 17 ஆயிரம் பெண்களை ஆராய்ந்து சொன்னது என்ன? தினம் 4,400 அடி நடந்தவர்களுக்கே, மிகக் குறைவாக நடந்தவர்களைவிட மரண ஆபத்து கணிசமாகக் குறைவு. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை.

ஆரோக்கியத்துக்கு அது போதும். ஆனால், பூங்காவுக்குப் பூங்காவின் கணக்கு. டூருக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். இதய, மூட்டு, சர்க்கரைத் தொந்தரவு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். வீட்டிலேயே மெதுவாக நடப்பவர் வலியில்லாமல் எவ்வளவு தூரம் போகிறாரோ, அதுதான் குடும்பத்தின் முதல் வாரக் கணக்கு. அது அரை கிலோமீட்டராகக்கூட இருக்கட்டும். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் நீளமான நடை. மூன்று வாரம் இருக்கும்போது சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீள நடை போய்ப் பாருங்கள். அந்த ‘மறுநாள்’ பரீட்சையை ஊரிலேயே எழுதிவிடலாம். கடைசி வாரம் கால்களுக்கு ஓய்வு. புது செருப்பு, புது ஷூவைப் பயணத்தன்று முதல்முறை போடாதீர்கள்; நடைப் பழக்கத்தின்போதே அதுவும் உங்களோடு பழகட்டும்.

எல்லாம் சரி, இத்தனை பேரும் சேர்ந்து நடக்கும்போது முன்னால் யார் போவது? அதற்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது.

கி.மு. 400-ஐ ஒட்டிய ஒரு குளிர்காலம். திரேஸ் நாட்டில் கிரேக்கப் படையோடு இருக்கிறார் செனஃபோன். அந்நாட்டு இளவரசன் ஸ்யூதஸ் ஒரு இரவுப் பயணத்துக்குத் திட்டமிடுகிறான். அவனுடையது குதிரைப்படை, பறந்துவிடும். செனஃபோன் கிரேக்க வழக்கத்தைச் சொல்கிறார்: பகலில் நிலத்துக்கு எந்தப் படை பொருத்தமோ, அது முன்னால் போகலாம். இருட்டில் மட்டும் மிக மெதுவாகப் போகிற படைதான் முன்னால் போகவேண்டும். அப்போதுதான் படை சிதறாது. ஒருவரும் பின்தங்கிக் காணாமல் போகமாட்டார்கள். கனத்த கவசம் சுமந்த காலாட்படை முன்னே, குதிரைகள் பின்னே. அப்படியே போனார்கள். யாரும் தொலையவில்லை.

இருபத்துநாலு நூற்றாண்டு கழித்து இதைப் படித்தபோது எனக்கு அந்த சிமென்ட் பெஞ்ச்தான் ஞாபகம் வந்தது. அன்று நாங்கள் குதிரைப்படையை முன்னால் விட்டோம். பசங்கள் ஓடினார்கள், அவர்கள் பின்னால் நாங்கள் ஓடினோம். ஒரு மணி நேரத்தில் அம்மா பின்தங்கி, கௌரவமாக ஒரு காரணம் சொல்லி உட்கார்ந்துவிட்டார். பையைப் பார்த்துக்கொள்ள நாங்கள் யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

அடுத்த டூருக்கு இரண்டு மாதம் முன்னால், ஒரு சாயங்காலம் அம்மாவிடம், ‘‘தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வரலாமா?’’ என்றேன். சந்தேகமாகப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

‘‘நீ முன்னால போ, நான் மெதுவா வரேன்.’’

‘‘இல்லம்மா... நீ முன்னால போ.’’