பங்க்: பாட்டா, சட்டையா?

"பங்க்னா கிழிஞ்ச சட்டையும் ஊக்கும்தானே சார்?" என்று இப்போது படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டார். உண்மைதான், லண்டனில் 1975-ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு உருவானதே மால்கம் மெக்லாரனின் துணிக்கடையில்தான். ஆனால் எனக்குப் பதில் மான்செஸ்டரில் கிடைக்கிறது.

போல்டன் கல்லூரி மாணவர்கள் ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி இருவரும் 4.6.1976 அன்று அக்குழுவை அங்கே வரவழைத்துக் கச்சேரி நடத்தினர். கூட்டம் கொஞ்சம்தான். அதில் இருந்தவர்கள்தான் பிற்பாடு ஜாய் டிவிஷன், ஸ்மித்ஸ் குழுக்களைக் கண்டார்கள். இசையும் வேறு, உடையும் வேறு! அழைத்த இருவரோ பஸ்காக்ஸ் குழு அமைத்து, 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே இசைத்தட்டு வெளியிட்டார்கள்.

'நாமே செய்வோம்' என்ற அந்தத் துணிச்சல்தான் பங்க். பாட்டும் சட்டையும் அப்புறம்தான். அனுமதிக்குக் காத்திருந்தே மூன்று வருஷத்தை ஓட்டியவன் நான். தம்பி தங்கைகளே, நீங்க காத்திருக்காதீங்க!