காலைக் கூட்டத்தில் வாசிக்காத இரண்டு திகதிகள்

நாம் படித்த காலத்தில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ‘வரலாற்றில் இன்று’ வாசிக்கப்படும். முறை வைத்து வகுப்புக்கு ஒருத்தி. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. முதல்நாள் இரவு ஜாம் போத்தல் விளக்கில் மனனம் செய்து, மறுநாள் ஒலிபெருக்கியின்றித் தொண்டை கிழிய ஒப்புவிப்போம். காந்தியடிகள் 1927இல் யாழ்ப்பாணம் வந்ததும், பெப்ரவரி 4உம் தவறாமல் வரும். ஆனால் பெண்பிள்ளைகளாகிய நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இரண்டு திகதிகளை ஒருமுறையேனும் வாசித்ததாக நினைவில்லை. ஒன்று யூன் 13. மற்றையது மே 4. இரண்டும் 1931ஆம் ஆண்டுக்குரியவை.

அதற்கு முன் இலங்கையில் வாக்குரிமை பெற்றிருந்தோர் சனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேரே. பெண்களுக்கு அது அறவே இல்லை. 1927இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு கொழும்புக்கு வந்தபோது பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்துச் சாட்சியமளித்தனர். முன்னின்றவர் அக்னஸ் டி சில்வா. கனடாவிலிருந்து வந்து தமிழரை மணந்து, இங்கேயே வைத்தியராகப் பணியாற்றிய மேரி ரட்ணமும் அவர்களுள் ஒருவர். வைத்தியர்களாகிய எமக்கு அதில் தனிப் பெருமை உண்டு. தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்குக் கேட்கிறீர்கள் என்று ஆணைக்குழு வினவியபோது, அவர்களும் பெண்கள்தானே என்ற கருத்தில் அக்னஸ் டி சில்வா பதிலளித்தார்.

எதிர்ப்பும் இருந்தது. பெண்கல்விக்காக 1913இல் இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர். பொன். இராமநாதனே பெண்களுக்கு வாக்களிப்பதை ஏற்கவில்லை. பள்ளிக்கூடக் கதவைத் திறந்த கை, வாக்குச்சாவடிக் கதவைத் திறக்கத் தயங்கியது. ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயது என்று பரிந்துரைத்தது. இறுதியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 வயது என்றே முடிவாயிற்று. 1931 யூன் 13 முதல் 20 வரை நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் இலங்கைப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர்.

எங்கள் ஊர்ப் பெண்கள் வாக்களிக்கவில்லை. அதற்குக் காரணம் மே 4. அது வேட்புமனு நாள். டொனமூர்த் திட்டம் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கக் கோரியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் மனுத் தாக்கல் செய்யவில்லை. ஐம்பது தொகுதிகளில் நாற்பத்தாறுக்கே உறுப்பினர்கள் கிடைத்தனர்.

ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் நடத்திய அந்த இயக்கம் சாதியையும் சீதனத்தையும் எதிர்த்தது. அதன் நோக்கத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எமது சங்கத்தின் ஆரம்பகால உறுப்பினர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் இருபத்தொரு வயது நிரம்பியவர்கள் வாழ்நாளில் முதன்முறையாக ஓர் உரிமையைப் பெற்றார்கள். பயன்படுத்த வாக்குச்சாவடி இல்லை. 1934இல்தான் இத்தொகுதிகளில் தேர்தல் நடந்தது. மூன்று ஆண்டுகள்!

அந்த இடைவெளியில் 1932இல், கணவர் இழந்த கொழும்பு வடக்குத் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்று நேசம் சரவணமுத்து சபைக்குள் நுழைந்தார். அடலின் மொலமூரேக்கு அடுத்து அரசாங்க சபைக்குத் தெரிவான இரண்டாவது பெண் அவர். யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் வெறுமையாயிருந்த அதே சபையில் ஒரு தமிழ்ப் பெண் அமர்ந்திருந்தார். இதையும் நாம் பாடசாலையில் படிக்கவில்லை.

கிடைத்த வாக்கு நிலைத்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. அக்னஸ் டி சில்வா யாருக்காகப் பதில் சொன்னாரோ, அந்தத் தோட்டப் பெண்களில் மிகப் பெரும்பாலானோர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தனர். அந்தக் குறையைத் தீர்க்கும் இறுதிச் சட்டங்களில் ஒன்று 2003இல்தான் வந்தது.

வைத்தியசாலையில் நாம் முதலில் பழகும் பழக்கம் ஒன்றுண்டு. கொடுத்த மருந்தைத் திகதியிட்டு எழுதுவது போலவே, கொடுக்காமல் விட்ட மருந்தையும் காரணத்துடன் எழுதவேண்டும். எழுதாவிட்டால் அடுத்து வருபவர் கொடுத்ததாகவே நினைத்துக்கொள்வார். 1931இல் இலங்கைப் பெண்கள் அனைவரும் வாக்களித்தார்கள் என்று நாமும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

ஆகவே இன்றைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள்: யூன் 13ஐ வாசியுங்கள், மே 4ஐயும் வாசியுங்கள். கடல்கடந்து வாழும் சகோதரிகளே, உங்கள் அம்மம்மாவோ பூட்டியோ முதன்முதலில் வாக்குப் போட்ட கதையை வீட்டில் எவரேனும் சொல்லிக் கேட்டிருந்தால், இரண்டு வரியாவது சங்கத்துக்கு எழுதியனுப்புங்கள். சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.