தோலுரி கத்தி (தேனி, கம்பம் பள்ளத்தாக்கு)

தோலுரி கத்தி என்பது அறுத்த ஆட்டின் தோலைக் கறியிலிருந்து பிரித்தெடுக்கப் பயன்படும் சிறு கத்தி. தேனி மாவட்டத்திலும், குறிப்பாக அதன் தென்மேற்குப் பகுதியில் நீளும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இதற்கு வேலை தருபவை மூன்று: அன்றாடக் கறிக்கடை, குலதெய்வக் கோயில் கிடாவெட்டு, பக்ரீத் குர்பானி. தலையைத் துண்டிக்கும் அரிவாளும், கழுத்தை அறுக்கும் நீண்ட கத்தியும், புளியங்கட்டையில் எலும்பு தட்டும் வெட்டுக்கத்தியும் வேறு வேறு கருவிகள். இவற்றில் ஒன்றைக் கொண்டு தோலையும் உரித்துவிடலாம் என்று நினைப்பவர் கறியோடு முடியையும் தின்ன வேண்டியிருக்கும்.

வேட்டை

உலகச் சந்தையில் இவ்வகைக் கத்திகள் பெரும்பாலும் மான் வேட்டைக்காரர்களை நோக்கியே விற்கப்படுகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் ரசல் 1834-இல் தொடங்கிய பட்டறையின் ‘கிரீன் ரிவர்’ கத்திகள் அந்நாட்டு மேற்குப் பகுதியின் காட்டெருமை வேட்டையில் பெயர் பெற்றவை. கம்பம் பள்ளத்தாக்குக்கும் வேட்டை அந்நியமானதன்று. காட்டுப்பன்றியை விரட்டிப் பிடிக்க வளர்க்கப்பட்ட கோம்பை நாய், உத்தமபாளையம் வட்டத்துக் கோம்பையின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று மான், பன்றி, முள்ளம்பன்றி எதை அனுமதியின்றி வேட்டையாடினாலும் குற்றம். பள்ளத்தாக்கை ஒட்டிய மேகமலை முதலில் சரணாலயமாகவும், 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆனபின் கண்காணிப்பு மேலும் இறுகியது. குற்றத்துக்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்படும் கருவியும் அச்சட்டப்படி அரசின் உடைமையாகும். கத்தியும் அதில் அடங்கும். ஆகவே இந்த வட்டாரத்தில் தோலுரி கத்தி என்றால் அது ஆட்டுக்கான கத்திதான்.

வேலையின் தன்மை

ஆட்டுத்தோல் உரிப்பில் கத்தியின் பங்கு குறைவு என்பதை முதலில் அறிய வேண்டும். பின்னங்காலைக் கட்டித் தொங்கவிட்டபின், கால்களின் உட்புறத்திலும் வயிற்றின் நடுவிலும் கீறித் தோலைத் திறப்பதற்கே கூரிய முனை தேவை. அதன்பின் முஷ்டியைத் தோலுக்கும் கறிக்கும் இடையே நுழைத்துத் தள்ளியே பெரும்பகுதியைக் கழற்றுவார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் சவ்வை வெட்டவும், வால், கழுத்து, முன்னங்கால் மூட்டு ஆகிய இடங்களிலும் மட்டும் கத்தி மறுபடி வரும். தலையும் காலும் உரிக்கப்படுவதில்லை. தீயில் வாட்டி முடியைச் சுரண்டுவார்கள்.

கீறும்போது வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே வெட்டினால் முடி அறுபடாது, கறியில் ஒட்டாது. வெளியிலிருந்து வெட்டினால் முடியும் அதில் படிந்த மண்ணும் கத்தியின் கூரை விரைவில் தின்றுவிடும். கத்தி மோசம் என்று கடைக்காரரைத் திட்டுபவர்களில் பலருக்குக் கோளாறு இங்கேதான்.

கத்தியின் அமைப்பை முடிவு செய்வது தோலின் மதிப்பு. கறிக்கடைகளில் சேரும் தோல் உப்பிடப்பட்டு, வியாபாரிகள் வழியாகத் திண்டுக்கல் போன்ற ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளுக்குப் போகிறது. உட்புறத்தில் கத்தி பட்ட கீறல் பதனிட்டபின் பளிச்சென்று தெரியும். ஓட்டையானால் அந்த இடமே வீண். செம்மறித் தோல் வெள்ளாட்டுத் தோலைவிட வலுக் குறைந்தது என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். இதனால்தான் நல்ல தோலுரி கத்தியின் அலகு வயிற்றுப் பக்கம் வளைந்து, முனை சற்று மேலேறி இருக்கும். வளைந்த வாய் தோலைக் குத்தாமல் வழுக்கிச் செல்லும். நேரான, ஊசி முனைக் கத்தி சிறிது சறுக்கினாலும் துளைத்துவிடும்.

அளவு 4 முதல் 5 அங்குலம் போதும். முதுகின் தடிமன் 2 முதல் 2.5 மில்லிமீட்டர். வாயை ஒரு பக்கத்துக்கு 20 பாகை அளவில் தீட்டுவது பொருத்தம். மான் வயிற்றைத் திறப்பதற்கென்று முதுகில் கொக்கி வைத்த வெளிநாட்டுக் கத்திகள் ஆட்டுக்கு வீண்செலவு. அந்தக் கொக்கியைத் தீட்ட நம் ஊர்ச் சாணைக்கல்லும் உதவாது.

இரும்பு

மலிவில் உறுதி வேண்டுமென்றால் லாரி ஸ்பிரிங் பட்டைதான் இங்கே முதல் தேர்வு. குமுளி வழியாகக் கேரளத்துக்கு ஓயாமல் லாரி போகும் சாலையோர ஊர்களில் பழைய பட்டைக்குப் பஞ்சமில்லை. சுமார் 0.6 சதவீதம் கரியும் சிலிக்கானோ குரோமியமோ கலந்த எஃகு அது. வளைந்தாலும் எளிதில் முறியாது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி முதல் தேனிப் பக்கத்துச் சிறு பட்டறைகள் வரை, தென் மாவட்டக் கொல்லர்களுக்குக் கைவந்த இரும்பும் இதுவே. இதில் ஒரு சங்கடம் உண்டு. அரிவாள் அடித்துப் பழகிய கை, சிறு கத்தியையும் தடித்த முதுகோடு அடித்துத் தரும். மெலிதாக வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பல ஆண்டு சுமை தாங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரும்பைவிட முக்கியம் தோய்ச்சல். கரி எஃகைச் செஞ்சூட்டில், ஏறத்தாழ 800 முதல் 850 செல்சியஸில், எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடிபோல் கடினமாகிவிடும். பின்னர் 200 செல்சியஸ் அளவில், துலக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் வரும்வரை, மெல்லச் சூடேற்றினால்தான் முறியாத தன்மை வரும். இந்த இரண்டாம் படியைத் தவிர்த்த கத்தி எலும்பில் பட்டால் பொக்கை விழும். தோய்ச்சலே சரியாக ஏறாத கத்தி ஓர் ஆட்டுக்குள் மழுங்கும். புதுக் கத்தியின் வாயில் மெல்லிய அரத்தை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: அரம் வழுக்கினால் கடினம் உண்டு, பிடித்துச் சீவினால் இல்லை.

பழைய பவர் ஹேக்சா பிளேடைத் தேய்த்துக் கத்தியாக்குவதும் உண்டு. முழுவதும் ஹைஸ்பீடு எஃகாக இருந்தால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் கையிலிருந்து கல்தரையில் விழுந்தால் இரண்டாக உடையக்கூடும். உலையில் வைக்காமல் தேய்த்தே செய்ய வேண்டும். எவர்சில்வர் கத்தி துருப்பிடிக்காது என்பது உண்மைதான். சந்தையில் கிடைக்கும் மலிவுத் தகட்டுக் கத்திகள் கூர் தாங்காது என்பதும் உண்மை. இறைச்சித் தொழிலுக்கென்றே செய்த துருவேறா எஃகுக் கத்திகள் நல்லவை, விலை கூடுதல்.

பிடியும் பராமரிப்பும்

பிடி, கொழுப்பும் இரத்தமும் பட்ட கையில் வழுக்கக்கூடாது. அலகின் காம்பு பிடியின் கடைசிவரை ஓடி, ஆணியால் இறுகியிருப்பது நல்லது. பாதியில் நிற்கும் காம்புக்குப் பூண் கட்டாயம். மரப்பிடி கைக்கு இதம், ஆனால் ஈரம் குடிக்கும். நாள்தோறும் தொழில் செய்பவருக்குக் கழுவ எளிதான பிளாஸ்டிக் பிடியே சுகாதாரம். இறைச்சிக் கூடங்களில் கத்தியை 82 செல்சியஸ் வெந்நீரில் முக்கித் தூய்மை செய்வது நடைமுறை.

வேலைக்கு நடுவே மழுங்கினால் தீட்டுகோலில் நாலு இழுப்பு போதும். பொறி பறக்கச் சாணை பிடிப்பவரிடம் மெல்லிய கத்தியை அடிக்கடி கொடுப்பது அதன் ஆயுளைக் குறைக்கும்; வாய் நீலம் பாய்ந்தால் கரி எஃகின் தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் துரு அண்டாது.

வாங்குதல்

படைக்கலச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியைத்தான் ஆயுதமாகக் கருதுகின்றன. அதிலும் வீட்டு, விவசாய, தொழில் பயன்பாட்டுக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கும்படி தமிழ்நாடு காவல்துறை 2021-இல் பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. கொல்லர் விவரம் கேட்டால் மனம் கோண வேண்டியதில்லை.

மாசிச் சிவராத்திரிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் பட்டறையில் அவசர வேலைதான் நடக்கும். தோய்ச்சல் அப்போதுதான் தவறும். ஒரு மாதம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. கறிக்கடைக்காரருக்கு ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி இரண்டு வேண்டும், ஒன்று மழுங்கும்போது மற்றொன்றை எடுக்க. ஆண்டுக்கு ஒரு கிடா வெட்டும் குடும்பத்துக்குத் தனிக் கத்தியே தேவையில்லை. அடுப்படியில் இருக்கும் சிறு கத்தியை நன்றாகத் தீட்டி, முனையைச் சற்று உருட்டிக்கொண்டால் போதும்.