மான்ஷன் ஹவுஸ் 9000

1935-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரில், புதிதாகத் திருப்பணிக்கு வந்திருந்த சாட் வாரா என்ற இளம் பாதிரியார் தன் முதல் அடக்க ஆராதனையை நடத்தினார். இறந்திருந்தவள் 14 வயதுச் சிறுமி. மாதவிடாய் வந்திருந்தது. அது இன்னதென்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. ஏதோ பால்வினை நோய் தொற்றிவிட்டது என்று பயந்து உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று வாரா பிற்காலத்தில் சொல்லிவந்தார். ஓர் உயிர் போவதற்குப் பின்னால் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். ஒன்றை மட்டும் காட்டி முடிவு சொல்வது சரியல்ல. ஆனாலும் மனம் விட்டுக் கேட்க அந்தச் சிறுமிக்கு ஓர் ஆள் இல்லை என்பது வாராவை விட்டுப் போகவேயில்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து லண்டனில் புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தின் பொறுப்பு அவருக்கு வந்தது. 1666-இன் பெருந்தீக்குப் பிறகு கிறிஸ்டோபர் ரென் கட்டிய கோயில் அது. சுற்றிலும் வங்கிகளும் அலுவலகங்களும். குடியிருப்புகள் குறைவு என்பதால் பாதிரியாருக்கு வேலையும் குறைவு. லண்டனில் நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று பேர் தற்கொலை செய்துகொள்வதாக வாரா படித்திருந்தார். வீடு தீப்பிடித்தால் 999-ஐச் சுழற்றலாம், திருடன் புகுந்தாலும் அதே எண்தான். சாகலாம் என்று நினைப்பவர் எந்த எண்ணைச் சுழற்றுவார்?

நினைவில் எளிதாக நிற்க அந்த வட்டாரத் தொலைபேசி நிலையத்தின் பெயரோடு சேர்ந்த ‘மான்ஷன் ஹவுஸ் 9000’ என்ற எண் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று அந்த நிலையத்தைக் கேட்கப் போனவர், கோயிலில் இருந்த கருவியின் தூசியைத் துடைத்துப் பார்த்தார். அந்த எண்தான் ஏற்கெனவே அதில் இருந்தது. 1953 நவம்பர் 2-ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது. அந்தக் கறுப்புத் தொலைபேசியை இன்றும் அதே கோயிலில் காணலாம்.

இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் தொலைபேசியில் இல்லை, தேநீரில் இருக்கிறது. பத்திரிகைச் செய்தியைப் பார்த்து நேரில் வந்தவர்கள் வாராவைச் சந்திக்க வரிசையில் காத்திருந்தார்கள். உதவிக்கு வந்த தொண்டர்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத் துணையாக இருந்தார்கள். அவர்கள் மனநல மருத்துவரோ பாதிரியாரோ அல்ல, அக்கம்பக்கத்துச் சாதாரண மனிதர்கள். கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். தம் முறை வருவதற்கு முன்பே பலர் எழுந்து, ‘இப்போது பரவாயில்லை, போய்வருகிறேன்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். பாதிரியாரின் ஆலோசனை அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. 1954 பிப்ரவரியில் தொண்டர்களைக் கூட்டி, இனி இந்த வேலை உங்களுடையது என்று ஒப்படைத்தார். தன் இடத்தை இப்படி விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்! ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு அப்படித்தான் உருவானது. மதப் பிரசாரம் கூடாது, புத்திமதி கூடாது, கேட்டது வெளியே போகக் கூடாது என்பவை அதன் விதிகள்.

ரகசியம் காப்பது வெறும் பண்பாக மட்டும் இருக்கவில்லை. அன்றைய இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி குற்றம். பிழைத்தவர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 1961-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. ஆனால் அதே ஆங்கிலேயர் 1860-இல் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு மட்டும் இங்கே அசையாமல் நின்றது. ஓராண்டு வரை சிறை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று குடும்பத்தினர் ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று மருத்துவமனையில் பொய் சொன்னார்கள். உடம்புக்குச் சிகிச்சை கிடைத்தது; மனதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிழைத்தவருக்கு அதைவிடப் பெரிய கொடுமை வேறென்ன?

சமாரிட்டன்ஸ் போன்ற சேவைகள் நம் பக்கமும் வந்தன. கொழும்பில் 1974-இல் ‘சுமித்ரயோ’ என்ற அமைப்பு தொடங்கியது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் ‘சிநேகா’வைத் தொடங்கினார். வீட்டுக்கு ஃபோன் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அதனால் சிநேகாவின் கதவும் திறந்திருந்தது, கடிதம் எழுதியவர்களுக்குப் பதிலும் போனது. லண்டனைப் போலவே இங்கும் கேட்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள்தான். பொதுத்தேர்வு முடிவு வரும் நாட்களில் அவர்களுக்கு வேலை கூடும். தோற்ற மாணவர்கள் ஓராண்டு வீட்டில் முடங்காமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுத வேண்டும் என்று சிநேகா வலியுறுத்தியது. துணைத்தேர்வு முறை தமிழ்நாட்டில் வந்தது. அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்வதோடு நில்லாமல், அழவைக்கும் ஏற்பாட்டையும் மாற்றியது பெரிய காரியம்.

வெறும் பேச்சால் உயிர் பிழைக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஆய்வுகள் விடை வைத்திருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ, மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் சிகிச்சையைத் தொடராத 843 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள் அவ்வப்போது சின்னக் கடிதங்கள் அனுப்பினார். ‘நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதுங்கள்’ என்ற அளவில்தான் அவை இருந்தன. முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை தெளிவாகக் குறைவாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் லாரி ஓட்டியபோது, அதிகம் பழகியிராத ஒரு பெண் எழுதிய கடிதங்கள் தனக்குத் தந்த தெம்பிலிருந்து அவருக்கு இந்த யோசனை பிறந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினரிடம் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள்; பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று விசாரித்தார்கள். 2008-இல் முடிவுகள் வெளியாயின. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். இதற்குப் பெரிய கருவியோ விலையுயர்ந்த மருந்தோ தேவைப்படவில்லை. இவ்வளவு எளிதான காரியம் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் அன்றாட வழக்கமாகியிருக்க வேண்டாமா?

சட்டம் மெல்லத்தான் நகர்ந்தது. இலங்கை 1998-இல் தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது, அவருக்குப் பராமரிப்பு தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. இருந்தும் ஊரில் பேச்சு இன்னும் தாழ்ந்த குரலில்தான் நடக்கிறது. ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி விதைப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம் குறைகிறது.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-உம், சிநேகாவின் 044-24640050-உம் இருக்கின்றன. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. தனக்காகத்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. சில நாட்களாகச் சரியில்லாமல் இருக்கும் தம்பியிடமோ தோழியிடமோ பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தவிப்பவர்களும் இந்த எண்களை அழைத்துக் கேட்கலாம்.