முகமில்லாத மாளிகை: சென்னை சென்ட்ரலின் சுரங்க நிலையம்

நிலத்தின் கீழ் வழி சமைப்பது தமிழ் மரபுக்குப் புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரை அகழியை ஒட்டி யானைகள் திரளாகச் சென்றுவந்த சுருங்கை வீதியைக் குறிக்கின்றது. அச்சொல்லை நாம் மறந்தோம். பொருள் மட்டும் பேருருக் கொண்டு திரும்பியிருக்கிறது.

ஆண்டிபட்டிக்காரர்களாகிய நமக்குச் சென்னையின் சுரங்க நிலையம் தொலைவான செய்தியாகத் தோன்றலாம். உண்மை அதுவன்று. 2010 இறுதியில் மீட்டர்கேஜ் பாதை மூடப்பட்டபின் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் நம் ஊருக்குப் பயணிகள் இரயில் இல்லை. அகலப்பாதையில் 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதம் போடிநாயக்கனூர் வரையிலும் வண்டி ஓடத் தொடங்கியது. போடியிலிருந்து ஆண்டிபட்டி வழியாகச் செல்லும் விரைவு வண்டி சென்று சேருமிடம் சென்னை சென்ட்ரல். அதன் அருகில்தான் மெட்ரோவின் சுரங்க நிலையம் நிலத்துக்குள் இறங்குகிறது.

பெயராலும் ஓர் உறவு உண்டு. 1984 டிசம்பர் தேர்தலில், அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தவாறே எம்.ஜி.ஆர். வென்ற தொகுதி ஆண்டிபட்டி. 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் இங்கே வென்றவர் ஜெயலலிதா. 2020இல் சென்ட்ரல் மெட்ரோவுக்கு எம்.ஜி.ஆர். பெயரும், கோயம்பேடு புறநகர்ப் பேருந்து நிலைய மெட்ரோவுக்கு ஜெயலலிதா பெயரும் சூட்டப்பெற்றன. இரண்டும் பச்சை வழித்தடத்தில் உள்ளவை. ஒன்று நிலத்தடியில், மற்றொன்று தூண்களின் மேல்.

உலகின் முதல் நிலத்தடி இரயில் 1863 ஜனவரியில் இலண்டனில் ஓடியது. தெருவைத் தோண்டிப் பாதை அமைத்துப் பின் மூடிவிடும் முறை அது. நீராவி எஞ்சின்களின் புகையைச் சகித்துக்கொண்டு மக்கள் பயணம் செய்தனர். இந்தியாவில் 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தா முதல் அடி எடுத்து வைத்தது. சென்னையில் பணி 2009இல் தொடங்கி, 2017 மே மாதம் திருமங்கலம் – நேரு பூங்கா இடையே முதல் சுரங்கப் பகுதி திறக்கப்பட்டது. 2018 மே 25 அன்று இரயில் சென்ட்ரலை எட்டியது. 2019 பிப்ரவரி 10 அன்று நீல வழித்தடமும் வந்து சேர, அது இரு தடங்களின் சந்திப்பாயிற்று.

இதன் பரப்பு ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர். இரு தடங்களின் நடைமேடைகளும் வெவ்வேறு ஆழங்களில் உள்ளன. இத்தனை பெரிய கட்டடத்துக்கு வெளித்தோற்றம் என்று ஒன்று இல்லை என்பதே இதன் தனித்தன்மை. கோபுரமில்லை, முகப்பில்லை, வாயில்கள் மட்டுமே உண்டு.

ஆண்டிபட்டிக் கணவாயில் பாதை அமைத்தோர்க்குப் பகை, பாறை. சென்னையிலோ பகை, நீர். கடலும் கூவமும் பக்கிங்காம் கால்வாயும் அருகிலிருக்க, சற்றே தோண்டினாலும் நீர் ஊறும். ஆகவே அறையைத் தோண்டுமுன் சுவர்களை எழுப்புகிறார்கள். குறுகிய ஆழ்பள்ளம் வெட்டி, அது சரியாதிருக்கப் பெண்டோனைட் களிக்குழம்பை நிரப்பி, இரும்புக்கம்பிக் கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டைச் செலுத்துவர். கான்கிரீட் ஏற ஏறக் குழம்பு மேலே வெளியேறும். நாற்புறமும் சுவர் நின்றபின்னரே உள்மண் அகற்றப்படும். கட்டி முடித்தாலும் கவலை தீராது. வெற்றுப் பெட்டியை நீர் மேலே தள்ளுவதுபோல் நிலத்தடி நீர் நிலையத்தை உந்திக்கொண்டேயிருக்கும். அதை எதிர்த்து நிற்கும் எடையும் பிடிப்பும் வடிவமைப்பிலேயே அமைதல் வேண்டும். நடைமேடை விளிம்பிலுள்ள கண்ணாடிக் கதவுகள் பயணிகளைக் காப்பதோடு, குளிரூட்டிய காற்றும் சுரங்கத்தின் வெப்பமும் கலவாமல் தடுக்கின்றன.

மேலே நிற்பவையோ முதுபெருங் கட்டடங்கள்: 1873இல் திறக்கப்பட்ட சென்ட்ரல், 1880களில் எழத் தொடங்கிய விக்டோரியா பொது மன்றம், 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை. விக்டோரியா மன்றம் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் அரங்கேறிய இடமாதலால், தமிழ் இலக்கிய வரலாற்றுக்கும் உரியது. இவற்றின் அருகே இவ்வளவு ஆழம் தோண்டுகையில், மண் சிறிது இறங்கினாலும் சுவர் விரிசல் காணும். எனவே சுரங்கக் கலையின் வெற்றி, நேர்ந்தவற்றைவிட நேராமல் காத்தவற்றால் அளக்கப்படுவது.

நேராதவற்றுக்கு வரலாறு எழுதுவோர் அரியர். சென்ட்ரலை வடிவமைத்தவர் ஜார்ஜ் ஹார்டிங் என்று அறிவோம். மணிக்கூண்டுக்குச் சிசோமை நினைக்கிறோம். ரிப்பன் மாளிகையைக் கட்டியவர் லோகநாத முதலியார், விக்டோரியா மன்றத்தைக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார் என்பதும் ஏடுகளில் உண்டு. கீழேயுள்ள மாளிகைக்கு வாயிலில் ஒரு தலைவரின் பெயர் இருக்கிறது. வடிவமைத்த பொறியாளர்களையும், வட மாநிலங்களிலிருந்து வந்து களிக்குழம்பில் நின்று உழைத்த தொழிலாளர்களையும் மக்கள் நினைவு அறியாது. தலைவரின் பெயர் இருப்பது குறையன்று. அது மட்டுமே இருப்பதுதான் குறை. முகமுள்ள கட்டடம் தன் வரலாற்றை ஓரளவேனும் தானே சொல்லிக்கொள்ளும். முகமில்லாததற்கு நாம்தான் எழுதிவைக்க வேண்டும், கட்டியவர்கள் உயிரோடிருக்கும் இக்காலத்திலேயே.